சர்வருக்குப் போகாத டிக்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு வெயில் ஆகாது. மதுரை வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் மதுரைதான். ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க. மொதல்ல கார் அனுப்புறோம்னாங்க, அப்புறம் ட்ரெயின் டிக்கெட்னாங்க, கடைசியில பஸ் டிக்கெட் வந்துச்சு. படிப்பு சொல்லிக் குடுக்கிற இடத்துல மரியாதை இவ்வளவுதான். உங்களுக்குச் சொந்த ஊரே மதுரையா? மதுரையில எங்க? ஓ, அந்தப் பக்கமா. அந்தப் பக்கம்னா எந்தத் தெரு? இல்ல, சும்மாதான் கேட்டேன். அங்க எனக்குத் தெரிஞ்சவங்க நிறையப் பேரு இருக்காங்க. சொல்ல வேண்டாம்னா விடுங்க சார். எனக்கு அதெல்லாம் பாக்குற பழக்கமே கிடையாது.

என் பேரு மாணிக்கவாசகம். கல்யாணத்துக்கு வரன் தேடுற சைட் ஒண்ணு நடத்துறோம். நடத்துறது எங்க எம்.டி., ஓட வைக்கிறது நான். டெக்னிகல் ஹெட். சைட் பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா சொல்ல மாட்டேன். கம்பெனி விஷயம் பேசப் போறேன் பாருங்க.

காலேஜ்ல என்ன பேசப் போறீங்கன்னு நீங்க கேக்கல. பரவால்ல, கேக்காமலே சொல்றேன், எனக்கும் ஒத்திகை பாத்த மாதிரி ஆச்சு. வெப் அப்ளிகேஷனுக்கும் சர்ச் சர்வருக்கும் நடுவுல நடக்கிற பேச்சை எப்படிக் குறைக்கிறது. இதுதான் தலைப்பு. கண்ணை மூடாதீங்க சார், எல்லாருக்கும் புரியிற மாதிரிதான் சொல்வேன்.

பெரிய துணிக்கடைக்குப் போறீங்கன்னு வைங்க. கவுன்ட்டர்ல ஒருத்தன் நிக்கிறான், சிரிக்கிறான், வாங்க வாங்கங்கிறான். அவன்தான் வெப் அப்ளிகேஷன். சரக்கெல்லாம் பின்னாடி குடோன்ல இருக்கு. அங்க ஒருத்தன் வேர்த்து விறுவிறுத்துப் போய் மூட்டையைப் பிரிச்சு எடுத்துக் குடுப்பான். அவன்தான் சர்ச் சர்வர். நீங்க பச்சைன்னு சொன்னா கவுன்ட்டர்காரன் குடோனுக்கு ஓடுவான். வந்ததும் நீலம்னு சொன்னா மறுபடி ஓடுவான். எங்க சைட்ல பொழுதன்னிக்கும் இந்த ஓட்டம்தான். பொண்ணைப் பெத்தவங்க வயசுல ஒரு கட்டத்தைத் தட்டினா ஒரு ஓட்டம், நட்சத்திரத்தைத் தட்டினா ஒரு ஓட்டம், சம்பளத்தைத் தட்டினா ஒரு ஓட்டம். சம்பளத்தைத்தான் திரும்பத் திரும்பத் தட்டுவாங்க.

அதுலயும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா எங்களுக்கு ஈரக்கொலை நடுங்கும். ஏன் சொல்லுங்க. ராகு காலம் சார். ராகு காலம் முடிஞ்சு எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள வருவாங்க. ஜெர்மனியில இருந்து ஒரு ஆலோசகரை எங்க எம்.டி. வரவழைச்சிருந்தாரு. அவரு எங்க கிராஃபைப் பாத்துட்டு, தினமும் ஒரு பள்ளம் விழுது, ஒவ்வொரு கிழமையும் வேற வேற நேரத்துல விழுது, உங்க ஊர்ல கரன்ட் கட்டான்னு கேட்டாரு. நான் காலண்டர் தாளைக் கிழிச்சுக் கையில குடுத்தேன். மனுஷன் ரெண்டு நாளா அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் ஊருக்குப் போயிட்டாரு.

அவரு போனதும் பொறுப்பு என் தலையில. நானும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்தேன். மொத வேலை, ஒவ்வொரு கேள்விக்கும் புதுசா ஒரு இணைப்பு போட்டுக்கிட்டு இருந்தாங்க. போன் போட்டு, ஹலோ நீங்க யாருன்னு விசாரிச்சு, ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சிருவாங்க. அடுத்த வார்த்தைக்கு மறுபடி ஹலோ நீங்க யாரு. லைனைத் திறந்தே வைங்கடான்னு சொன்னேன். பாதிப் பாரம் அங்கேயே குறைஞ்சுது. ரெண்டாவது, பேரும் வயசும் கேட்டா சர்வரு ஜாதகம், பத்து போட்டோ, தாய்மாமன் விலாசம் வரைக்கும் தூக்கிட்டு வந்துச்சு. கேட்டதை மட்டும் குடுன்னு அடக்கினேன். மூணாவது, பொறுமையா எல்லாக் கட்டத்தையும் தட்டி முடிக்கட்டும், அதுக்கப்புறம் மொத்தமா ஒரே நடை போன்னு வச்சேன். இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இருக்கும். நாலாவதா ஒண்ணு பண்ணேன் பாருங்க, அது எந்தப் புத்தகத்துலயும் கிடையாது.

எங்க சைட்ல ஒரு கட்டம் இருக்கு. "சாதி தடையில்லை"ன்னு போட்டிருக்கும். பக்கத்துல டிக் அடிக்கலாம். அழகா பச்சைக் கலர்ல விழும். நான் உக்காந்து பாத்தேன் சார், ஜனங்க அந்தக் கட்டத்தை வச்சு என்னதான் பண்றாங்கன்னு. நூத்துக்குத் தொண்ணூறு பேரு மொதல்ல தடையில்லைன்னு டிக் அடிக்கிறாங்க. பட்டியல் வருது. மேலயிருந்து கீழ பாக்குறாங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது, டிக்கை எடுத்துட்டுத் தன் சாதியைப் போட்டு மறுபடி தேடுறாங்க. படிச்சவங்க, படிக்காதவங்க, அமெரிக்காவுல இருந்து தேடுறவங்க, எல்லாருமே இதைத்தான் பண்றாங்க. மேடையில முழங்குறவங்க கணக்கும் எங்ககிட்ட இருக்கு, பேரைச் சொல்ல மாட்டேன்.

எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. நான் டெக்னிகலாப் பாக்குறவன். தடையில்லைன்னு டிக் அடிச்சா சர்வரு குடோன் மொத்தத்தையும் புரட்டணும். இருக்கிறதுலயே பாரமான தேடல் அதுதான். அந்தப் பாடு பட்டு அது கொண்டு வந்து கொட்டுறதை இவங்க ஒரு நிமிஷத்துல தூக்கிப் போட்டுடுறாங்க. வீண் வேலைதானே சார்? அதனால ஒரு விதி எழுதினேன். டிக்கு ஸ்கிரீன்ல விழும். ஆனா சர்வருக்குப் போகாது. நடுவுல வெப் அப்ளிகேஷனே அதைத் தூக்கிட்டு, யாரு தேடுறாங்களோ அவங்க சாதியைப் போட்டு அனுப்பிரும். கடைசியில அவங்களே பண்ணப் போறதை நாம முன்னாடியே பண்ணிக் குடுக்கிறோம். அவ்வளவுதான்.

அந்த ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு சர்வரு அசையவே இல்ல. எம்.டி. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. ஒரு புகார் வரலை சார், நம்ப மாட்டீங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி, முன்னாடி தடையில்லைன்னு போட்டா யார் யாரோ வருவாங்க, இப்பல்லாம் தடையில்லைன்னு போட்டாலும் நல்ல நல்ல வரனா வருதுன்னு பாராட்டினாங்க. அதை ரெக்கார்ட் பண்ணி மீட்டிங்ல போட்டுக் காமிச்சோம்.

முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டது ஒரே ஒரு ஆளுதான். ஜெபான்னு என் டீம்ல ஒரு பொண்ணு, நாகர்கோவில் பக்கம். வேலையில கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். வந்து நின்னுக்கிட்டு, "சார், நெஜமாவே தடையில்லைன்னு நினைச்சு அடிக்கிறவங்களும் இருக்காங்களே சார்"னு கேட்டா.

"எத்தனை பேரும்மா?"

"கொஞ்சப் பேருதான் சார். ஆனா இருக்காங்க."

"கொஞ்சப் பேருக்காக சர்வரு மலை ஏறணுமா?"

"டிக் செல்லாதுன்னு அடியில ஒரு வரியாவது போட்டுரலாம் சார்."

"போட்டா அடிக்க மாட்டாங்களே ஜெபா. அடிக்கிறதுல அவங்களுக்கு ஒரு திருப்தி. அதை நாம ஏன் கெடுக்கணும்?" அப்படின்னேன். வாயை மூடிட்டா. நான் பேசினா எதிர்ல நிக்கிறவங்க பெரும்பாலும் வாயை மூடிருவாங்க. தர்க்கம் அப்படி.

வண்டி ஏன் நிக்குது? ஓ, சாப்பாட்டுக்கா. இந்த மோட்டல்ல எதுவும் சாப்பிடாதீங்க சார், வயித்தைப் புரட்டும், பில்லு அதைவிடப் புரட்டும். என் சம்சாரம் இட்லி கட்டிக் குடுத்திருக்கா. நீங்களும் எடுத்துக்குங்க. எடுத்துக்குங்க சார், எங்க வீட்டு மிளகாப்பொடிக்கு எங்க ஆளுங்க மத்தியில ஒரு பேரு உண்டு. எங்க ஆளுங்கன்னா சொந்தக்காரங்களைச் சொன்னேன்.

இப்பக் கேளுங்க, என் வயித்தெரிச்சலை. எனக்கு ஒரே பொண்ணு, தேனுகா. ஒரு ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட். கை கால் வராதவங்களை எல்லாம் எழுந்து நடக்க வச்சிருக்கா. அவளுக்கு வரன் தேடி எங்க சைட்லயே நான்தான் பதிவு பண்ணேன். தடையில்லைன்னு நானேதான் டிக் அடிச்சேன். நான் பழமைவாதி கிடையாது சார். டிக் அடிக்கிறதுல நமக்கென்ன குறைஞ்சு போகுது? டெக்னிகல் ஹெட் பொண்ணு, நாலு பேரு பாப்பாங்க, பாக்குறதுக்கு நல்லா இருக்கும்.

ஒரு நாள் காபி குடிச்சுக்கிட்டு இருக்கோம். "அப்பா, என்கூட வேலை பாக்குற ஒருத்தர் இருக்காரு"ன்னு ஆரம்பிச்சா. நான் உடனே நிறுத்திட்டேன். பேரைச் சொல்லாதேன்னுட்டேன். பேரு தெரிஞ்சா என் மனசுல ஒரு சாய்வு வந்துரும் பாருங்க. "அவரை நம்ம சைட்ல பதிவு பண்ணச் சொல்லு. நீயும் தடையில்லை, அவரும் தடையில்லைன்னு போடட்டும். தேடுனா வரட்டும். வந்து, பொருத்தம் இருந்தா நானே முன்னால நின்னு கல்யாணத்தை நடத்தி வைக்கிறேன்"னேன். சத்தியம் பண்ணுங்கன்னா. தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். பொண்ணு முகம் மலர்ந்து போச்சு சார், ஓடிப்போய் அவங்கம்மாகிட்ட சொன்னா.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. அப்படிப் பாக்காதீங்க. அந்த விதி அப்ப என் ஞாபகத்துலயே இல்ல, சத்தியமா இல்ல. அப்படியே இருந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. கம்பெனி ரகசியம்.

ஞாயித்துக்கிழமை ஆனா அப்பாவும் பொண்ணும் ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வச்சு உக்காருவோம். அவ தேடுவா. பட்டியல் வரும். எல்லாம் நல்ல பசங்க, நம்ம பசங்க. "உங்க ஆளு இருக்காராம்மா?"ன்னு கேப்பேன். "இல்லப்பா"ம்பா. "பாரு, நான் ஒண்ணும் சொல்லல. மெஷின் சொல்லுது. மெஷினுக்கு சாதி தெரியுமா?"ன்னு கேப்பேன். பாவம், அவளும் நம்பினா. ஒருவேளை அவரு ஜாதகத்துல ஏதாவது தப்பாப் போட்டிருப்பாருன்னு சொல்லுவா. அடுத்த வாரமும் வந்து உக்காருவா. மழைக்காலம் முழுக்க அப்படித்தான் ஓடுச்சு. எனக்கு அந்த ஞாயித்துக்கிழமைங்க ரொம்பப் பிடிக்கும் சார். பொண்ணு பக்கத்துல உக்காந்து அவ்வளவு நேரம் பேசினது அப்பதான்.

கெடுத்தது அந்த ஜெபா. கம்ப்யூட்டரைப் பாத்துப் பாத்துக் கழுத்து வலின்னு என் பொண்ணுகிட்டயே வைத்தியத்துக்குப் போயிருக்கா. ஊர்ல வேற ஆஸ்பத்திரி இல்லையா? கழுத்தை நீவிவிடுறப்ப என் பொண்ணு எங்க சைட் தேடலைப் பத்தி எதேச்சையாக் கேட்டிருக்கா, இவ எல்லாத்தையும் கக்கிட்டா. அப்புறம் அவளை வேற டீமுக்கு மாத்தினேன். பழி வாங்கல. பழி வாங்கலைன்னு மெயில்லயே எழுதித்தான் மாத்தினேன்.

விஷயம் தெரிஞ்சும் தேனுகா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா விளக்கியிருப்பேன். அடுத்த ஞாயித்துக்கிழமை எப்பவும் போல வந்து உக்காந்தா. தேடினா. பட்டியல்ல முதல் ஆளா ஒருத்தன் வந்தான் பாருங்க. மதிவாணன். எலும்பு டாக்டர். உயரம், படிப்பு, முகத்துல ஒரு அடக்கம். பத்துக்கு ஒன்பது பொருத்தம். நம்ம ஆளுங்கதான். அப்பா மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவராம். எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. லைன்மேன் வேலை பாத்துப் பையனை டாக்டராக்கியிருக்காருன்னா எப்பேர்ப்பட்ட குடும்பமா இருக்கணும். உழைச்சு முன்னுக்கு வந்தவங்கம்மா, பணக்காரத் திமிரு இருக்காதும்மான்னு நானே அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"பிடிச்சிருக்காப்பா?"ன்னு கேட்டா.

"இதுக்கு மேல எங்க போய்த் தேடுறது?"ன்னேன். சூட்டோட சூடா அவங்கப்பாவுக்குப் போன் போட்டேன். சுப்புராயன்னு பேரு. இன்னார் பேசுறேன், தேனுகாவோட அப்பான்னு சொன்னதும் அந்தப் பக்கம் நாற்காலி நகர்ற சத்தம், மனுஷன் எழுந்து நின்னுட்டாரு போல.  "ஐயா, நீங்களே கூப்பிடுவீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கலைங்க. உங்களுக்குப் பெரிய மனசு"ங்கிறாரு. நமக்கு இருக்கிற பேரு அப்படின்னு நினைச்சுக்கிட்டேன். "நமக்குள்ள என்ன இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வாங்க"ன்னேன். வீட்டம்மாகிட்ட போனைக் குடுத்தாரு. அந்த அம்மா அழுதாங்க சார். பொண்ணைப் பெத்த நான் அழணும், பையனைப் பெத்தவங்க அழறாங்க. வித்தியாசமான குடும்பம்னு நினைச்சேன்.

போனை வச்சதும் தேனுகா சொன்னா. "இவருதான்ப்பா அவரு."

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்தான் வந்துச்சு. மறைக்க மாட்டேன். பாத்தியா, சைட்லயே வருவாருன்னு அன்னைக்கே சொன்னேன்லன்னேன். அவ லேப்டாப்பைத் திருப்பினா. பதிவு நம்பரைப் போட்டு இன்னொரு பக்கத்தைத் திறந்தா. நம்பர் போட்டுத் திறந்தா சர்ச் சர்வருக்கே போகாது, நேரா வந்துரும். அதே போட்டோ, அதே படிப்பு, அதே நட்சத்திரம், அதே லைன்மேன். மழைக்காலத்துக்கு முன்னாடியே பதிவு பண்ணது. ஒரே ஒரு வரி மட்டும் வேற. அந்த வரியை நான் பாத்தேன். என்ன வரின்னு உங்களுக்குச் சொல்லணுமா?

"அந்த ஒரு வரியை மட்டும் மாத்தி நான் புதுசா ஒண்ணு போட்டேன்ப்பா. அவருக்கே தெரியாது. இன்னைக்குத்தான் உங்க மெஷின் கண்ணுக்கு அவரு தெரிஞ்சாரு"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். பொய்த் தகவல் சார்! எங்க சைட்டோட விதிமுறையில முதல் விதியே அதுதான், பதிவுல பொய்த் தகவல் தரக் கூடாது. டெக்னிகல் ஹெட் பொண்ணே போலிப் பதிவு போட்டா கம்பெனி மானம் என்னாகிறது? ஜனங்க எங்களை நம்பித்தானே டிக் அடிக்கிறாங்க? அங்கேயே அந்தப் போலிப் பதிவை முடக்கினேன். அந்தப் பையனோட நெஜப் பதிவையும் முடக்கினேன், சம்பந்தப்பட்டதுங்கிறதால. "போயும் போயும் ஒரு லைன்மேன் மகனுக்காக அப்பனையே ஏமாத்துறியா?"ன்னு கேட்டேன்.

அவ கத்தல. "அரை மணி நேரம் முன்னாடி அதே லைன்மேன்தான்ப்பா உழைச்சு முன்னுக்கு வந்தவரு"ன்னா. அப்புறம் சொன்னா, "நீங்கதான் அவங்களைக் கூப்பிட்டிருக்கீங்க. வர வேண்டாம்னா நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்."

சொல்லியிருக்கணும். திங்கக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன், வேலை. அப்புறமும் வேலை. அந்த வாரம் பூரா சொல்ல முடியாத அளவுக்கு வேலை. என்னன்னு சொல்றது, அந்த ஆளு குரல் வேற காதுலயே நின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை ஆச்சு. என் சம்சாரம் காலையில இருந்தே வாழைக்காய் சீவுறா, பஜ்ஜிக்கு. யாரு சொன்னதுன்னு கேட்டேன், கடலை மாவை எடுத்துக் கரைக்க ஆரம்பிச்சா. தேனுகா மாம்பழக் கலர்ல ஒரு சேலை கட்டிக்கிட்டு ஹால்ல உக்காந்திருந்தா. ஆறு மணி ஆகவும் எனக்கு ஆபீஸ்ல அவசரம். சர்வர் படுத்துருச்சு. சரி, படுக்கல. படுத்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு கவலை. லிஃப்ட்ல கீழ இறங்கினேன், கதவு திறக்குது, எதிர்ல அவங்க. ஒரு தாம்பாளத்துல பழம், பூ, வெத்தலை பாக்கு. அந்த மனுஷன் சலவை மடிப்பு கலையாத வேட்டி கட்டியிருந்தாரு. நான் போனைக் காதுல வச்சுக்கிட்டு, "சர்வர் படுத்துருச்சா, இதோ வர்றேன்"னு பேசிக்கிட்டே நடந்தேன். என் குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டாரு. "ஐயா, நான்தான் சுப்புராயன்"னு கும்பிட்டாரு. தாம்பாளத்தை இன்னொருத்தர் கையில குடுத்துட்டு ரெண்டு கையாலயும் கும்பிட்டாரு. "மேல இருக்காங்க, போங்க"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டேன். மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை பேசல சார். அதை நீங்க கவனிக்கணும்.

ஆபீஸ்ல போய் கிராஃபைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அன்னைக்கு ஓடின மாதிரி சர்வர் என்னைக்குமே ஓடல. கேட்டதும் பதில். ஒரு தடங்கல் கிடையாது. திரும்பி வந்தப்ப அவங்க போயிட்டாங்க. ரொம்ப நேரம் காத்திருந்தாங்களாம். ஐயாவுக்கு வேலை முடியட்டும், பாத்துட்டே போறோம்னு சொன்னாராம். பஜ்ஜி ஆறிப் போய் மேஜையில இருந்துச்சு. அந்த வாரமே தேனுகா ஹாஸ்டலுக்குப் போயிட்டா. அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். என் சம்சாரம் போயிட்டு வந்தா. எப்படி இருந்துச்சுன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல.

இதுக்கு மேல ஒரு கூத்து இருக்கு. கல்யாணம் ஆனதும் தேனுகா எங்க சைட்ல இருந்த தன் பதிவை நீக்கியிருக்கா. நீக்குறப்ப காரணம் கேக்கும். "இந்தத் தளத்தின் மூலம் துணை கிடைத்தது"ன்னு அதுல இருக்கிறதைத் தட்டி, கல்யாண போட்டோவையும் ஏத்தி விட்டுட்டா. அப்படி ஏத்தினா அது தானா முகப்புக்கு வந்துரும், அதையும் நான்தான் எழுதி வச்சேன். எம்.டி. பாத்துட்டாரு. "வாசகம், உங்க வீட்டுலயேவா, அதுவும் சாதி மாறியா, சொல்லவே இல்லையே"ன்னு சால்வை போட்டாரு, எல்லா ஊழியர்களுக்கும் முன்னால. கைதட்டுறாங்க. ஜெபாவும் தட்டுறா. நான் என்ன பண்றது, கும்பிட்டேன். இப்ப அவங்க ரெண்டு பேரு போட்டோவும் டவுன் பஸ்ஸு முதுகுல எல்லாம் ஓடுது, "சாதி தடையில்லை"ன்னு கொட்டை எழுத்துல. சிக்னல்ல நின்னா என் பொண்ணு முன்னாடி நிக்கிறா. பச்சை விழுந்ததும் போயிடுறா.

விதியா? அது அப்படியேதான் இருக்கு. விளம்பரம் வந்ததுக்கப்புறம் டிக் அடிக்கிறவங்க எக்கச்சக்கமாயிட்டாங்க. அத்தனையும் சர்வருக்குப் போனா என்னாகும்? முன்னைவிட இப்பத்தான் அந்த விதிக்கு வேலை அதிகம். அதைப் பத்திப் பேசத்தான் காலேஜ்ல கூப்பிட்டிருக்காங்க.

வீடு நல்லா இல்ல சார். அதை ஒத்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு உக்காருவேன், பக்கத்து நாற்காலி சும்மா இருக்கும். சம்சாரம் சமையக்கட்டுல இருந்து வர மாட்டா. எனக்கு தேனுகாவைப் பாக்கணும் போல இருக்கு. அவ்வளவுதான்.

ஒரு உதவி பண்ணுவீங்களா? என் போன்ல இருந்து அவளுக்குப் போகவே மாட்டேங்குது. காலையில அடிச்சாலும் பிஸி, மத்தியானம் அடிச்சாலும் பிஸி. ஆஸ்பத்திரி வேலை, இருக்கும்தான். ஆனா மெசேஜும் போய்ச் சேர மாட்டேங்குது. மாசக்கணக்கா இப்படி. போனை அணைச்சுப் போட்டுப் பாத்துட்டேன். உங்க போன்ல இருந்து ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன். பேச வேண்டாம். டெஸ்ட்தான். கோளாறு அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு எங்க தொழில்ல இப்படித்தான் கண்டுபிடிப்போம். நம்பர் இதோ.

போகுதா? போகுதா சார்? கொஞ்சம் இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க.

எடுத்துட்டா. அவதான். அந்த "சொல்லுங்க" அவளோடதுதான். பேசுங்க சார், சும்மா இருக்காதீங்க, ஏதாவது சொல்லுங்க. யாரு வேணும்னு கேக்குறா பாருங்க, முன்னப் பின்னத் தெரியாத ஆளுகிட்ட எவ்வளவு பதமாக் கேக்குறா. சாப்பிட்டாளான்னு கேளுங்க. வேண்டாம் வேண்டாம், தெரியாத ஆம்பள அதைக் கேட்டா பயந்துருவா. பின்னாடி ஏதோ குக்கர் சத்தம் கேக்குதே, வீட்டுலதான் இருக்காளா? எங்கிட்ட குடுக்காதீங்க. குடுக்காதீங்கன்னு சொல்றேன்ல. ராங் நம்பர்னு சொல்லிட்டு வச்சிருங்க.

வச்சுட்டாளா.

ரெண்டே ரிங்குல எடுத்துட்டா, பாத்தீங்களா? குரலும் தெளிவா இருந்துச்சு. அப்ப லைன்ல ஒண்ணும் கோளாறு இல்ல. அவ போன்லயும் இல்ல. நான்தான் இத்தனை நாளா அனாவசியமா என்னென்னமோ நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். என் போன்தான் சார் கெட்டுப் போயிருக்கு. மதுரையில இறங்கினதும் முதல் வேலையா இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்கிரணும்.